எக்ஸோம் பரிசோதனையும் மரபியல் ஆலோசனையும்: வேலூரில் நாங்கள் பெற்ற சேவையைப் பற்றிய மதிப்புரை

நான்கு வயது நிறைந்த என் மகளுக்காகக் கடந்த ஓராண்டில் இரண்டு சேவைகளைப் பணம் கொடுத்துப் பெற்றோம். ஒன்று, இரத்தம் எடுத்து எக்ஸோம் வரிசைப்படுத்தல் என்னும் மரபணுப் பரிசோதனையைச் செய்து அறிக்கை தரும் ஆய்வகச் சேவை. மற்றொன்று, அந்த அறிக்கையை வைத்துக்கொண்டு குடும்பத்தாருடன் உட்கார்ந்து பேசும் மரபியல் ஆலோசனைச் சேவை. முதலாவதன் சேகரிப்பு மையமும் இரண்டாவதன் மருத்துவ மையமும் வேலூர் நகருக்குள்ளேயே, ஆட்டோவில் பத்து நிமிடத் தொலைவில் இருக்கின்றன. இரண்டும் தனியார் நடத்துபவை. ஊரின் பெரிய மருத்துவமனைகள் எவற்றையும் சேர்ந்தவை அல்ல. நிறையோடு குறையையும் எழுத வேண்டியிருப்பதால் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். முதல் சேவைக்கு நாங்கள் கொடுத்தது ரூ. 22,000, இரண்டாவதற்குக் கொடுத்தது ரூ. 1,200. எங்கள் வீட்டுக்குப் பெரிதும் பயன்பட்டது இரண்டாவதுதான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்குக் குடியாத்தம். நான் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியை. கணவர் என் அத்தை மகன். மாமா நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தறியில் உட்கார்ந்தவர். மகள் பிறந்த நாள் முதல் உடல் துவண்டே இருந்தாள். பால் குடிக்கத் திணறினாள். ஒன்றேகால் வயதில்தான் உட்கார்ந்தாள். இரண்டரை வயதில் நடந்தாள். நான்கு வயதில் அவளிடம் ஆறேழு சொற்களே இருந்தன. தலையில் முடி மிகக் குறைவு, முதுகிலும் கைகளிலும் பூனைமுடி அடர்த்தி. மூன்று மொட்டை போட்டால் சரியாகிவிடும் என்று அத்தை நம்பினார், நாங்களும் போட்டோம். வேலூரில் ஒரு குழந்தை நல மருத்துவர் அவளது காலுறைகளைக் கழற்றச் சொல்லி, இரண்டு சுண்டுவிரல்களையும் கட்டைவிரலால் வருடிப் பார்த்தார். அங்கே நகம் இருக்க வேண்டிய இடத்தில் கடுகளவு தடிப்பு மட்டுமே இருந்தது. நான்கு ஆண்டுகள் குளிப்பாட்டிய நான் அதைக் கவனித்திருந்தும் ஒரு பொருட்டாக எண்ணியதில்லை. மருத்துவர் எதையும் முடிவாகச் சொல்லவில்லை. கையில் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். அதில்தான் எக்ஸோம் என்னும் சொல்லை முதன்முதலாகப் பார்த்தேன்.

சேகரிப்பு மையத்தைப் பற்றிக் குறை சொல்ல அதிகம் இல்லை. நிறை சொல்லவும் அதிகம் இல்லை. இடம் தூய்மையாக இருந்தது. இரத்தம் எடுத்த செவிலியர் குழந்தையின் கையைப் பிடித்த விதத்தில் அனுபவம் தெரிந்தது. ஊதா மூடியிட்ட குழாயில் மூன்று மில்லி எடுத்ததும் பெயரை எங்களிடம் இருமுறை கேட்டுச் சரிபார்த்து ஒட்டினார். ஆனால் ஒப்புதல் படிவம் ஆங்கிலத்தில் நான்கு பக்கம். வரவேற்பில் இருந்த இளைஞர் கையெழுத்திட வேண்டிய இடங்களில் பென்சிலால் குறியிட்டு நீட்டினாரே தவிர, அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அவராகச் சொல்லவில்லை. நான் உட்கார்ந்து படித்தேன். தேடிவந்த நோய்க்குத் தொடர்பே இல்லாத வேறு ஆபத்துகள், எடுத்துக்காட்டாகப் பிற்காலத்தில் வரக்கூடிய சில பரம்பரைப் புற்றுநோய்கள், தற்செயலாகத் தென்பட்டால் அவற்றையும் எங்களுக்குத் தெரிவிக்கலாமா வேண்டாமா என்று ஒரு கேள்வி இருந்தது. குழந்தையின் விவரங்களைப் பெயர் நீக்கி ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தலாமா என்று இன்னொரு கேள்வி. இந்த இரண்டாவது கேள்விக்கு ‘சம்மதம்’ என்ற கட்டத்தில் அச்சிலேயே குறி போடப்பட்டிருந்தது. ஆராய்ச்சிக்குக் கொடுப்பதில் எனக்கு மறுப்பில்லை; கொடுத்திருப்பேன். ஆனால் என் குழந்தையின் பெயரில் சம்மதத்தை வேறொருவர் முன்கூட்டியே போட்டு வைப்பது தவறு. அதை அடித்துவிட்டு, என் கையால் குறியிட்டுக் கையெழுத்திட்டேன்.

இந்தப் பரிசோதனை எதைப் பார்க்கிறது, எதைப் பார்க்காது என்பதைப் பணம் கட்டும் முன் யாரேனும் சொல்லியிருக்க வேண்டும். மனிதரின் டி.என்.ஏ.யில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் உள்ளன. அவற்றுள் புரதங்களுக்கான செய்தியைத் தாங்கிய பகுதி நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு மட்டுமே. அதற்குள் ஏறத்தாழ 20,000 மரபணுக்கள் அடங்கும். எக்ஸோம் பரிசோதனை அந்தச் சிறு பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்துப் படிக்கிறது. இதுவரை அறியப்பட்ட பரம்பரை நோய் மாற்றங்களில் பெரும்பாலானவை அங்கே இருப்பதால் இது நல்ல வழிதான். என்றாலும் ஒரே எழுத்துக் கொத்து திரும்பத் திரும்ப வந்து நீள்வதால் உண்டாகும் ‘உடையும் எக்ஸ்’ (ஃபிராஜைல் எக்ஸ்) போன்ற பரம்பரை நோய்களை இது காட்டாது; அதற்குத் தனிப் பரிசோதனை உண்டு. எங்கள் மருத்துவர் அதையும் சீட்டில் எழுதியிருந்தார். எழுதாமல் விட்டிருந்தால் ‘எல்லா மரபணுவையும் பார்த்தாயிற்று’ என்ற தவறான நிம்மதியோடு சிலர் வீடு திரும்பக்கூடும்.

கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு முந்தைய வாரம் இரத்தம் கொடுத்தோம். ஜூன் நடுவில் அறிக்கை வந்தது. நான்கு முதல் ஆறு வாரம் என்று சொன்ன கெடுவைக் காப்பாற்றினார்கள். வந்த விதம்தான் எனக்கு இன்றும் ஆறவில்லை. பள்ளியில் மூன்றாம் பாடவேளை முடிந்து ஆசிரியர் அறைக்குள் நுழைந்தபோது கைபேசி அதிர்ந்தது. வாட்ஸ்அப்பில் பதினொரு பக்கக் கோப்பு. கீழே ‘நன்றி, மீண்டும் வருக’ என்ற வகையில் ஒரு வணக்கச் செய்தி. முதல் பக்கத்தில், சிவப்புக் கட்டத்துக்குள், ஒரு மரபணுவின் பெயர்: ஏ.ஆர்.ஐ.டி.1பி. அதன் எதிரே ‘நோய் விளைவிக்கக்கூடியது’ என்ற பொருள் தரும் ஆங்கிலத் தொடர். அந்தப் பெயரையும் அந்தத் தொடரையும் வைத்துக்கொண்டு ஒரு தாய் நான்காம் பாடவேளைக்குச் சென்று பாடம் நடத்த வேண்டியிருந்தது. அறிக்கையை அனுப்பும் முன் ஒரு தொலைபேசி அழைப்பு, ‘வந்திருக்கிறது, எப்போது பேசலாம்’ என்ற ஒரு கேள்வி, அவ்வளவு போதும். அதற்கு ஆகும் செலவு ஒன்றுமில்லை.

அன்றிரவு இணையத்தில் தேடியது என் தவறு. ஏ.ஆர்.ஐ.டி.1ஏ என்ற பெயருடைய வேறொரு மரபணுவைப் பற்றிய பக்கங்களே முதலில் வந்தன. அதைச் சூலகப் புற்றுநோயோடு சேர்த்து எழுதியிருந்தார்கள். ஓர் எழுத்து வேறுபாட்டை நான் கவனிக்கவில்லை. எழுத்துப் பிழை திருத்துவதையே தொழிலாகக் கொண்டவள் அந்த இரவில் அதைத் தவறவிட்டேன். ஒன்பது நாள் கழித்து ஆலோசனைக்குச் சென்றபோது முதலில் கேட்டதே அதைத்தான். அது உடன்பிறப்பு போன்ற வேறு மரபணு என்றும், அந்தப் பக்கங்கள் பேசுவது கட்டியின் செல்களுக்குள் பிற்காலத்தில் தோன்றும் மாற்றங்களை என்றும், என் மகளிடம் இருப்பது அதுவன்று என்றும் விளக்கினார்கள். ஒன்பது இரவுகளின் பாரம் இரண்டு நிமிடத்தில் இறங்கியது.

ஆலோசனை மையத்தைப் பற்றி விரிவாக எழுத விரும்புகிறேன். இரண்டாம் தளத்தில் சிறிய அறை. மேசைக்கு அந்தப் பக்கம் மரபியலில் பயிற்சி பெற்ற ஒரு மருத்துவரும் ஓர் ஆலோசகரும். இந்தப் பக்கம் நான், கணவர், அத்தை, மாமா, மாமாவின் மடியில் மகள். எங்களுக்கு முன்னால் வந்த குடும்பத்துக்கு நேரம் நீண்டதால் ஐம்பது நிமிடம் காத்திருந்தோம். உள்ளே போன பிறகு எங்களுக்கும் ஒரு மணி பத்து நிமிடம் ஒதுக்கினார்கள். இடையில் ஒருமுறைகூட யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. ஆகவே காத்திருந்ததைக் குறையாக எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஆலோசகர் முதலில் மூன்று தலைமுறைக் குடும்பப் படம் வரைந்தார். ஆண்களுக்குச் சதுரம், பெண்களுக்கு வட்டம், திருமணத்துக்கு ஒரு கோடு. எனக்கும் கணவருக்கும் இடையில் மட்டும் இரட்டைக் கோடு போட்டார். நெருங்கிய உறவில் நடந்த திருமணத்துக்கு அதுவே குறியீடாம். அந்த இரட்டைக் கோட்டைப் பார்த்ததும் அத்தை தலையைக் குனிந்துகொண்டார். நான்கு ஆண்டுகளாக வீட்டுக்கு வந்த ஒவ்வொருவரும், கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும், ‘சொந்தத்துல கட்டுனதாலதான்’ என்று சொல்லிவிட்டுப் போன சொல் அந்தக் கோட்டில் வந்து உட்கார்ந்துகொண்டதுபோல் இருந்தது. ஆலோசகர் அதைக் கவனித்தார். ‘இதுக்கு அப்புறமா வரேன், ஆயா, மறக்க மாட்டேன்’ என்று அத்தையிடம் சொல்லிவிட்டு, மரபணுவின் வேலையை விளக்கத் தொடங்கினார்.

ஒரு செல்லின் உட்கருவுக்குள் இருக்கும் டி.என்.ஏ.யை நீட்டிவைத்தால் ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளம் வரும். கண்ணுக்குத் தெரியாத அந்த உட்கருவுக்குள் அது அடங்க வேண்டுமானால் சுற்றிவைக்கத்தான் வேண்டும். எட்டு ஹிஸ்டோன் புரதங்கள் சேர்ந்த உருளை ஒன்றைச் சுற்றி 147 எழுத்து இணைகள் அளவுக்கு டி.என்.ஏ. சுற்றிக்கொள்கிறது, இப்படிச் சுற்றிய ஓர் அலகுக்கு நியூக்ளியோசோம் என்று பெயர், இவை கோத்த மணிகள்போல் தொடர்ந்து உருவாகும் கட்டமைப்பே குரோமாட்டின். இதைக் காட்ட ஆலோசகர் மேசை இழுப்பறையிலிருந்து மரக்குச்சியில் சுற்றிய நூலொன்றை எடுத்தார். தறியின் நாடாவுக்குள் வைக்கும், ஊடை நூல் சுற்றிய குச்சிக்குத் தார் என்று பெயர். மாமா அந்த மரக்குச்சியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, அந்த அறையில் முதன்முறையாக வாய் திறந்தார்.

‘இது தார் மாதிரி இருக்குதும்மா. ஆனா தார்ல சுத்துறது சுத்தி வச்சிக்கிறதுக்காக இல்ல. நாடா ஓடும்போது ஊடை கழண்டு வரணும். இறுக்கமா சுத்திட்டா அறுந்துபோவும். தளர்வா சுத்துனா கொத்தா உருவிக்கும். எந்த இடத்துல எவ்வளவு கழலணுமோ அவ்வளவு கழண்டாதான் துணி.’

ஆலோசகர் பேனாவைக் கீழே வைத்தார். ‘ஐயா, நான் அடுத்து சொல்ல இருந்ததே அதுதான்’ என்றார். சுற்றியபடி இருக்கும் வரை அந்த இடத்திலுள்ள மரபணுவைப் படியெடுக்கும் நொதி நெருங்க முடியாது. தேவையான நேரத்தில், தேவையான இடத்தில், நியூக்ளியோசோமை நகர்த்தியோ அகற்றியோ இழையைத் திறந்துவிடும் புரதக் கூட்டங்கள் செல்லுக்குள் உள்ளன. அவற்றுள் ஒன்றுக்கு பி.ஏ.எஃப். கூட்டம் என்று பெயர். பத்துக்கும் மேற்பட்ட புரதங்கள் ஒன்றாகக் கூடி, ஏ.டி.பி. என்னும் எரிபொருளைச் செலவிட்டு அந்த வேலையைச் செய்கின்றன. இதன் மூத்த உறவு முதலில் கண்டறியப்பட்டது ரொட்டிக்கு மாவைப் புளிக்கவைக்கும் ஈஸ்டில். மனிதனிலும் அதே ஏற்பாடு இருப்பது பின்னர் தெரியவந்தது. என் மகளின் அறிக்கையில் வந்த ஏ.ஆர்.ஐ.டி.1பி, ஆறாம் குரோமோசோமின் நீண்ட கையில் இருக்கும் மரபணு. அது உருவாக்கும் புரதம் இந்தக் கூட்டத்தின் ஓர் உறுப்பு. அது கூட்டத்தின் எஞ்சின் அன்று. எஞ்சின் வேறு புரதம். டி.என்.ஏ.யைப் பற்றிக்கொண்டு கூட்டத்தை ஒன்றாக நிற்கவைக்கும் பெரிய சட்டங்களில் ஒன்று இது. உவமை எங்கே நின்றுவிடுகிறது என்பதையும் ஆலோசகர் மறைக்கவில்லை: தாரில் நூல் தீர்ந்துபோகும், செல்லில் இழை தீர்வதில்லை, படியெடுத்த பின் அது மீண்டும் சுருண்டுகொள்ளும் என்றார். மாமா அதை ஏற்றுக்கொண்டு தலையசைத்தார்.

அடுத்து என் மகளிடம் இருப்பது என்ன மாற்றம் என்பதற்கு வந்தார்கள். நான் தமிழாசிரியை என்று தெரிந்ததும் மருத்துவர் எழுத்துகளை வைத்தே விளக்கினார். அந்த மரபணுவில் சி என்று இருக்க வேண்டிய ஓர் எழுத்து டி என மாறியிருக்கிறது. அதனால் ஒரு அமினோ அமிலத்தைக் குறிக்க வேண்டிய மூவெழுத்துச் சொல் ‘இங்கே நிறுத்து’ என்று பொருள்படும் சொல்லாகிவிட்டது. வாக்கியத்தின் நடுவில் முற்றுப்புள்ளி விழுந்துவிட்டது. புணர்ச்சி இலக்கணத்தில் விகாரம் மூன்று என்று பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் சொல்லிக்கொடுக்கிறேன்: தோன்றல், திரிதல், கெடுதல். மரபணுவிலும் ஓர் எழுத்து புதிதாக நுழையலாம், ஒன்று வேறொன்றாகலாம், ஒன்று விழுந்துவிடலாம். என் மகளுக்கு நேர்ந்தது திரிதல். இப்படி என் மொழியில் ஓர் இடம் கிடைத்ததும் அறிக்கையின் முதல் பக்கம் எனக்குப் படிக்கக்கூடியதாயிற்று.

ஒவ்வொரு மரபணுவும் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு படிகள் உண்டல்லவா, ஒன்று நன்றாக இருக்கும்போது ஏன் இவ்வளவு பாதிப்பு என்று கணவர் கேட்டார். நல்ல கேள்வி, நானும் கேட்க நினைத்தது. சில மரபணுக்களுக்கு ஒரு படியே போதும், இதற்குப் போதாது. பழுதுபட்ட படியிலிருந்து பயன்படும் புரதம் கிடைப்பதில்லை. ஆகவே செல்லுக்குக் கிடைப்பது பாதி அளவே. கருவில் மூளை உருவாகும் காலத்தில் எந்தெந்த மரபணுக்கள் எப்போது திறக்க வேண்டும் என்பது மிக நுணுக்கமான ஏற்பாடு. அங்கே பாதி அளவு போதவில்லை. இதனால் உண்டாகும் நிலைக்குக் காஃபின்-சிரிஸ் கூட்டறிகுறி என்று பெயர். 1970இல் இரு மருத்துவர்கள் மூன்று சிறுமிகளிடம் இதை முதலில் விவரித்தார்கள்: வளர்ச்சித் தாமதம், சுண்டுவிரலில் நகமின்மை. காரணம் தெரிய நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 2012இல் நெதர்லாந்தில் ஒரு குழுவும் ஜப்பானில் ஒரு குழுவும் பி.ஏ.எஃப். கூட்டத்தின் மரபணுக்களில் காரணத்தைக் கண்டார்கள். அவற்றுள் இந்த நோய்நிலைக்கு மிக அதிகமாகக் காரணமாவது ஏ.ஆர்.ஐ.டி.1பி. இதே மரபணுவில் மாற்றமுள்ள எல்லாக் குழந்தைகளும் ஒரே மாதிரி இருப்பதில்லை என்றும், சிலருக்கு நகம், முடி போன்ற அடையாளங்கள் இல்லாமல் கற்றல் குறைபாடு மட்டும் இருக்கும் என்றும் சொன்னார்கள். ‘இவள் எவ்வளவு பேசுவாள்?’ என்று கேட்டதற்கு அறிக்கையிலிருந்து அதைச் சொல்ல முடியாது என்றார் மருத்துவர். பொய்யான தெம்பு தராததற்காக அவரை மதிக்கிறேன்.

பிறகு ஆலோசகர் தாம் சொன்னபடியே இரட்டைக் கோட்டுக்குத் திரும்பினார். உறவில் திருமணம் செய்வதால் கூடும் ஆபத்து என்ன என்பதைப் பூசி மெழுகவில்லை: அத்தை மகன், மாமன் மகள் போன்ற உறவில் பிறக்கும் குழந்தைக்குப் பிறவிக் குறைபாடுகள் வரும் வாய்ப்பு, பொதுவாக எல்லோருக்கும் இருப்பதைவிட 2 முதல் 3 விழுக்காடு வரை கூடுதல் என்றார். அந்தக் கூடுதல் எதனால் வருகிறது என்றால், இரண்டு பெற்றோரும் ஒரே பாட்டன் வழியாக ஒரே பழுதுபட்ட படியைப் பெற்று, அது குழந்தையிடம் இரண்டாகச் சேர்வதால். என் மகளிடம் பழுதுபட்டது ஒரு படிதான். இந்த வகை மாற்றம் பெரும்பாலும் பெற்றோர் எவரிடமும் இல்லாமல், அந்தக் குழந்தை உருவாகும்போதே புதிதாகத் தோன்றுவது. உறுதி செய்ய எங்கள் இருவரின் இரத்தத்தையும் அந்த ஓர் எழுத்துக்காக மட்டும் பார்க்க வேண்டும் என்றார்.

இங்கேதான் ஆய்வகத்தின் மீது எனக்குள்ள பெரிய குறை. பெற்றோருக்கான இந்தச் சோதனை தேவைப்படலாம் என்பதையோ, அதற்கு ரூ. 5,000 தனியே ஆகும் என்பதையோ முதல் நாளில் சொல்லவில்லை. மூவரையும் ஒரே நேரத்தில் பார்க்கும் முறை ஒன்று உண்டு. அதைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பையும் எங்கள் முன் வைக்கவில்லை. கட்டணப் பட்டியல் கேட்டு வாங்கியபோது அதில் எல்லாம் இருந்தது. பட்டியலில் இருப்பது வேறு, வாயால் சொல்வது வேறு. நான்கு வாரம் மீண்டும் காத்திருந்தோம். என் இரத்தத்திலும் மாற்றம் இல்லை, கணவரின் இரத்தத்திலும் இல்லை. ‘நோய் விளைவிக்கக்கூடியது’ என்றிருந்த வகைப்பாடு, புதிதாகத் தோன்றியது உறுதியானதால் ‘நோய் விளைவிப்பது’ என்று மாற்றப்பட்டு இரண்டாம் அறிக்கை வந்தது. சொல் கடுமையாயிற்று, வீடு இலகுவாயிற்று. அத்தை அந்த அறிக்கையைச் சாமி மாடத்தில் வைத்தார். அவருக்கு அதில் ஓர் எழுத்தும் படிக்கத் தெரியாது. ஆனால் தம் மகனையும் என்னையும் சேர்த்துவைத்ததால் வந்ததன்று இது என்று அதில் எழுதியிருப்பது அவருக்குத் தெரியும். என் தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. அவளுக்கோ கணவரின் உடன்பிறந்தோருக்கோ இதற்காகச் சோதனை தேவையில்லை என்பதும் அப்போது தெளிவாயிற்று. எங்களுக்கே இன்னொரு குழந்தை பிறந்தால் இது திரும்ப வரும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றளவே. கருமுட்டைகளிலோ விந்தணுக்களிலோ சிலவற்றில் மட்டும் அந்த மாற்றம் ஒளிந்திருக்கக்கூடும் என்பதால் அதைச் சுழியம் என்று சொல்லவில்லை.

அறிக்கை வந்ததால் மருந்து கிடைக்கவில்லை. கிடைக்கும் என்று யாரும் சொல்லவுமில்லை. ஆனால் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதற்கு ஒரு வரிசை கிடைத்தது: செவித்திறன், பார்வை, இதயத்துக்கு எக்கோ, சிறுநீரகத்துக்கு ஸ்கேன், விழுங்குவதில் சிரமம் உண்டா என்பது. என் மகளின் இரண்டு காதுகளிலும் நடுச்செவியில் நீர் கோத்திருந்தது. பேசாததற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கிறது. நாங்கள் முழுக் காரணத்தையும் மூளையின் மேல் போட்டுவிட்டிருந்தோம். அதற்குச் சிகிச்சையும், கூடவே பேச்சுப் பயிற்சியும் நடக்கின்றன. மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கு இந்த மரபணு அறிக்கை மட்டும் போதாது, அரசு மருத்துவக் குழு நேரில் மதிப்பிட்டுத்தான் தரும் என்பதையும் ஆலோசகரே சொல்லி, எங்களை வீண் அலைச்சலிலிருந்து காத்தார்.

மொழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐடா ஸ்கடர் அம்மையார் 1900இல் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய மருத்துவப் பணி வளர்ந்ததிலிருந்து வேலூர் நோயாளிகளின் ஊராக இருக்கிறது. வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் ரயிலில் வந்து காட்பாடியில் இறங்குவோர் எத்தனை பேர் என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். இந்தத் தனியார் ஆலோசனை மையத்தின் வரவேற்பறையில் வங்காளத்திலும் இந்தியிலும் அச்சிட்ட துண்டறிக்கைகள் இருந்தன, இருக்க வேண்டியதுதான். தமிழில் இல்லை. ‘இங்குள்ளவர்களுக்கு நாங்கள் வாயால் சொல்லிவிடுகிறோமே’ என்றார்கள். வாயால் சொன்னது வாசலைத் தாண்டும்போது பாதி மறந்துவிடும். வீட்டுக்கு வந்து மாமனாருக்கும், அங்கன்வாடி ஆசிரியைக்கும், பின்னாளில் பள்ளித் தலைமையாசிரியருக்கும் காட்ட ஒரு தாள் வேண்டும். இதை எழுதிக் கொடுத்தேன். அடுத்த சந்திப்பில் ஆலோசகர் தாமே ஒரு வரைவு வைத்திருந்தார். அதில் ‘மரபணுக் குறைபாடு’ என்றிருந்த இடங்களில் எல்லாம் ‘மரபணு மாற்றம்’ என்று திருத்தச் சொன்னேன். உடனே திருத்தினார். ஒரு பக்கம்தான், குழந்தையின் பெயர், மரபணுவின் பெயர், அது செய்யும் வேலை மூன்று வரியில், பெற்றோரிடமிருந்து வந்ததன்று என்ற வரி தடித்த எழுத்தில், ஆண்டுக்கு ஒருமுறை பார்க்க வேண்டிய சோதனைகள். பதினொரு பக்க அறிக்கையைவிட அந்த ஒரு பக்கத்தை நாங்கள் அதிகம் நகலெடுத்திருக்கிறோம்.

எல்லோருக்கும் இவ்வளவு தெளிவான விடை கிடைக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. காத்திருந்தபோது ஆரணியிலிருந்து வந்த ஒரு தாயிடம் பேசினேன். அவர் மகனின் அறிக்கையில் ‘பொருள் உறுதியாகாத மாற்றம்’ என்று வந்திருந்தது, அதாவது அது நோய் தருமா தராதா என்று இப்போது சொல்ல முடியாது. உலகத் தரவுத்தொகுப்புகளில் நம் மக்களின் பங்கு குறைவு. அங்கே காணப்படாத ஒரு மாற்றம் நம் ஊரில் நலமாக இருக்கும் பலரிடம் இருக்கக்கூடும். 1,029 இந்தியர்களின் மரபணுத்தொகுதியைப் படித்த இன்டிஜென் திட்டமும், 10,000 பேரை இலக்காகக் கொண்ட ஜீனோம் இந்தியா திட்டமும் அந்தக் குறையைப் போக்கத்தான். அப்படிப்பட்ட அறிக்கை வந்தால் அதை நோய் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது, குப்பையில் போடவும் கூடாது. ஓரிரு ஆண்டுகள் கழித்து அதே தரவை மறுபடி ஆராயச் சொல்லலாம். மறுஆய்வுக்குக் கட்டணம் உண்டா என்பதை முதல் நாளே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் குழந்தையின் முழுத் தரவுக் கோப்பையும் கேளுங்கள், அது உங்களுடையது. எங்களுக்குக் கேட்ட பிறகு தந்தார்கள்.

ஆய்வகச் சேவைக்கு ஐந்துக்கு மூன்று தருவேன்: வேலை துல்லியம், கெடு தவறவில்லை, மனிதரிடம் பேசுவதில்தான் குறை. ஆலோசனைச் சேவைக்கு நான்கரை. அரைப் புள்ளியைத் தமிழ்த் தாள் எல்லாக் குடும்பத்துக்கும் கேட்காமலே கிடைக்கும் நாளில் சேர்த்துவிடுகிறேன். பணம் குறைவாக இருந்து, பரிசோதனையை இப்போது செய்யலாமா பிறகு செய்யலாமா என்று தயங்குபவர்கள் முதலில் ஆலோசனைக்கே செல்லலாம். இரத்தம் கொடுக்கும் முன் ஒரு சந்திப்பு, அறிக்கைக்குப் பின் ஒரு சந்திப்பு என்பதே சரியான வரிசை என்று மருத்துவரும் சொன்னார். நாங்கள் தலைகீழாகச் செய்தோம். வீட்டுப் பெரியவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். அறை சிறியதுதான், ஆனால் கூடுதல் நாற்காலி போடுவார்கள். மையத்தில் மின்தூக்கி கிடையாது, படி செங்குத்து; மாமாவின் முழங்காலுக்குச் சிரமமாக இருந்தது. குழந்தைக்குச் சோறு பிசைந்து எடுத்துக்கொண்டு போங்கள். பால் சூடுபடுத்தித் தருவார்கள், கேட்க வேண்டும்.